கொலுசுக்குப் பின்னால் ஒரு குட்டி

என்னங்க,

நான் சுகம். உங்க முதுகுவலி எப்படி? பொய் சொல்லாம எழுதுங்க.

இந்த வீட்டு நாய்க்குட்டிக்குப் பார்வை போயிட்டிருக்காம். நான் நம்பலை. முதலாளியம்மா கூப்பிட்டா சுவத்துல முட்டுது. என் பின்னாடி மட்டும் நாற்காலியைச் சுத்தி ஒழுங்கா வருது. "என்னத்தைப் போட்டு வளைச்ச?"ன்னு அவங்களுக்கு என்மேல சந்தேகம். நடிக்குதோன்னு எனக்கு அதுமேல சந்தேகம்.

நேத்து கொலுசைக் கழட்டிக் கழுவினேன். என்னைத் தேடி வந்த குட்டி ஃபிரிட்ஜ்ல மடேர்னு மோதுச்சு. அப்பதான் புரிஞ்சது, அது கொலுசுச் சத்தத்தைப் பிடிச்சுத்தான் நடக்குது. யார்கிட்டயும் மூச்சு விடலை. தெரிஞ்சா வேற கொலுசு வாங்கிட்டு என்னை அனுப்பிடுவாங்க.

கொலுசுத் திருகாணி தேஞ்சுபோச்சு, ரெண்டு அனுப்புங்க. கூப்பிடுறாங்க, முடிக்கிறேன். லீவுல நான் சத்தமில்லாம வாசல்ல வந்து நின்னா யாரோன்னு நினைச்சுடாதீங்க. நான் இல்லாதப்ப குட்டி முட்டிக்கக் கூடாதே, அப்ப மட்டும் உண்மையைச் சொல்லிட்டு வருவேன்; கொலுசு இங்க முதலாளியம்மா காலுல இருக்கும்.