கட்டத்துக்குள் அடங்காத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

ஏழாவது துளையிலும் ஆணி விழுந்துவிட்டது. டக். அந்தச் சத்தத்துக்காகப் பதினாலு மாதம்.

யாராவது கேட்டால் உளறாமல் சொல்ல, எனக்காகவே ஒரு முறை தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் செய்த இந்த மோட்டார் சைக்கிளின் இடது பக்கம் ஒரு பிடி. அதைத் தூக்கினால் பூட்டாணி வெளியே வரும். வண்டியை ஒரு தள்ளு தள்ளினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம், சீட்டின் உயரம் மூன்றும் சேர்ந்து மாறும். பிடியை விட்டால் ஆணி அடுத்த துளையில் போய் உட்காரும். மொத்தம் ஏழு துளை. முதல் துளை என்னைப் போல நாலடி பத்து அங்குலக்காரிக்கு. ஏழாவது, அண்ணனைப் போல ஆறடி இரண்டு அங்குலத்துக்கு.

இன்று காலை நான் தெருமுனை வரை ஓட்டிப் போய் வந்தேன். அதே வண்டியில் அடுத்து அண்ணன் போய் வந்தான். அவனுக்கு முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கவில்லை. எனக்கு இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. நாற்பத்தொரு வயதில் முதல் தடவை. அழுதேன் என்று எழுத மாட்டேன். கண்ணில் தூசி என்று அண்ணனிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் பட்டறை அண்ணன் வீட்டுக்குப் பின்புறம். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, "ஆளுக்கு ஆள் மாறுது. நல்ல பச்சோந்தி" என்றாள். நான் யோசித்து வைத்திருந்த நாலு நல்ல பெயர்களும் அத்தோடு போயின.

மார்ச் 5

அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் மூன்றாந்துளை தனக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

மார்ச் 12, புதன்

முதல் வாடிக்கையாளர்கள். கணவன் மனைவி. அவள் நர்ஸ், இரவு டியூட்டி. அவர் பஸ் டிரைவர், பகலில் வேலை. வீட்டில் ஒரே வண்டி. சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வந்து இறங்க, வாசலிலேயே சாவியும் ஹெல்மெட்டும் கை மாறும். காலையில் அதே கதை திருப்பி. "நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறதே அந்த அஞ்சு நிமிஷம்தான்" என்றார் அவர். நல்ல உயரம். அவள் அவர் தோளுக்குக் கீழே நின்றாள்.

பிப்ரவரியில் சிக்னலில் நிறுத்தும்போது கால் எட்டாமல் வண்டியோடு சாய்ந்திருக்கிறாள். முழங்காலில் இன்னும் கட்டு. "குதிகால் செருப்பு போட்டுப் பார்த்தேன். சீட்டைச் செதுக்கிப் பார்த்தேன். பத்து வருஷமா நான்தான் வண்டிக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னையும் அனுசரித்துத்தான் போகச் சொன்னார்கள். பள்ளி மேசை, ஃபாக்டரி மெஷின், புகுந்த வீடு. எதுவும் என் அளவுக்கு இல்லை. குறை மட்டும் என்னிடம். ஒரு தடவையாவது எதிரில் இருப்பது அனுசரிக்கட்டுமே. அதற்குத்தான் இந்த வண்டி.

அவளுக்கு இரண்டாந்துளை. அவருக்கு ஆறு. அரசாங்க ஒப்புதல் வந்ததும் தருகிறேன் என்றேன். காத்திருக்கிறோம் என்றார்கள்.

மார்ச் 20, வியாழன்

தப்பு என்னுடையது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

ஷோரூம்காரர் வண்டி பார்க்க வந்தார். நான் அவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மூன்றிலிருந்து ஏழுக்கு மாற்றினேன். டக் கேட்டதா? கேட்கவில்லை. கேட்டுப் பார்க்கவும் இல்லை. ஆணி பாதி உட்கார்ந்த நிலையில் அண்ணன் ஓட்டிப் போனான். தெருமுனையில் திரும்பும்போது வண்டி உதறி, மனுஷன் விழுந்தான். முழங்கை பூராவும் சிராய்ப்பு. நல்லவேளை, வேகம் இல்லை.

நான் இரும்போடு பேசுகிறவள். இரும்பு பதில் சொன்னதா என்று பார்க்காமல் மனுஷரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஷோரூம்காரர் பயந்து ஓடுவார் என்று பார்த்தால், உட்கார்ந்து டீ குடித்தார். "வண்டி ஜோர்ம்மா. ஆனா இந்த மாறுற வேலையெல்லாம் வேணாம். நடுவுல இருக்கு பாருங்க, நாலாந்துளை, அதுலயே வெல்ட் வெச்சுக் குடுங்க. இருபது வண்டி எடுத்துக்கிறேன்."

நாலாந்துளை. எனக்கும் ஆகாது, அண்ணனுக்கும் ஆகாது. அந்த நர்ஸுக்கும் ஆகாது, அவள் கணவருக்கும் ஆகாது.

முடியாது என்றேன். அண்ணன் பஞ்சால் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 26

ஒவ்வொரு துளையின் அடியிலும் சின்ன சுவிட்ச் வைத்துவிட்டேன். ஆணி முழுசாக உட்காராமல் இனி எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. நான் எவ்வளவு வாயடித்தாலும் ஆகாது. நாற்பது தடவை வேண்டுமென்றே பாதியில் விட்டுப் பார்த்தேன். நாற்பது தடவையும் எஞ்சின் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

வாகன ஒப்புதல் அலுவலகம். மூன்று மணி நேரம் பெஞ்சில். பிறகு அதிகாரி.

கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். நல்ல கேள்வியாகக் கேட்டார். ஓடும்போது ஆணி கழன்றால்? ஓட்டுகிறவரின் கனம் மேலே இருக்கும்வரை பிடியைத் தூக்கவே முடியாது என்று காட்டினேன். பாதி உட்கார்ந்தால்? சுவிட்சைக் காட்டினேன். அவரே கிக்கரை உதைத்துப் பார்த்தார். திருப்தி. உள்ளே வந்து படிவத்தைக் கையில் எடுத்தார்.

"சக்கர இடைவெளின்னு கட்டத்துல ஆயிரத்து முந்நூத்திப் பத்து, கோடு, ஆயிரத்து நானூத்தி முப்பதுன்னு எழுதியிருக்கீங்க. இதுல எது உண்மையான அளவு?"

"ரெண்டும் உண்மைதான் சார். நடுவுல இன்னும் அஞ்சு இருக்கு."

"கட்டம் ஒண்ணுதானேம்மா இருக்கு."

"அதான் கோடு போட்டேன்."

"கட்டத்துக்குள்ள கோடு போடக் கூடாது."

ஃபோர்க் சாய்வுக்கும் ஒரு கட்டம். சீட் உயரத்துக்கும் ஒரு கட்டம். ஒரு எண் எழுதினால் வண்டி அந்த எண்ணிலேயே நிற்க வேண்டும், மாறக் கூடாது என்றார். வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பதினாலு மாதம் உழைத்தது விரல்கடை அகலக் கட்டத்தில் முட்டி நிற்கிறது.

ஏப்ரல் 3

சண்டை. அண்ணனோடு இப்படிச் சண்டை போட்டு வருஷக்கணக்காகிறது.

"நாலாந்துளை அளவை எழுதிட்டுப் போக வேண்டியதுதானே. ஷோரூம்காரரும் அதைத்தான் கேக்குறார்" என்றான்.

"அப்புறம் ரோட்டுல போற எல்லா வண்டி மாதிரியும் இது இன்னொண்ணு."

"இருந்துட்டுப் போகட்டுமே. லேத் வேலைய விட்டுட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. உன் அண்ணிகிட்ட என்னத்தச் சொல்ல?"

"எனக்கு ஏழும் வேணும்."

"ஏழும் வேணும்னா ஏழு வண்டின்னு எழுதிக் குடு, போ." ஷட்டரைச் சடாரென்று இழுத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் கேட்டதுல தப்பில்ல. அதுதான் எரியுது. நல்ல வேலைய எனக்காக விட்டான். நான் அவன் தலைமேல ஏறி உக்காந்திருக்கேனா? பிடிவாதமா, இல்ல வீம்பா? தெரியல. ஆனா அந்த நாலாந்துளைய மட்டும் என்னால எழுத முடியாது.

ஏப்ரல் 4

ஏழு வண்டின்னு எழுதிக் குடு.

ஏன் கூடாது?

ஏப்ரல் 9, புதன்

விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டேன். பிறகு ஏழு விண்ணப்பம் எழுதினேன். பச்சோந்தி 1. பச்சோந்தி 2. இப்படியே ஏழு வரை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு எண். கோடே கிடையாது. அவ்வளவு அழகாக என் கையெழுத்து இருந்ததே இல்லை.

அண்ணனிடம் காட்டினேன். ஆறு நாளாக முகம் கொடுத்துப் பேசாதவன். ஏழையும் புரட்டினான். "நான் கோவத்துல சொன்னதுடி அது" என்றான்.

"கோவத்துலதான் உனக்கு மூளை வேலை செய்யுது" என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் மூன்றாவது விண்ணப்பத்தில் எடையை விட்டுவிட்டேன் என்று எடுத்துக் காட்டினான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சோதனை நாள். விதி என்ன சொல்கிறது? ஒவ்வொரு மாடலும் தனித்தனியாக வாசல் வழியே உள்ளே வர வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும், அளக்கப்பட வேண்டும். சரி. விதிப்படி செய்தோம்.

அண்ணன் ஒன்றாம் எண்ணை உள்ளே கொண்டுபோனான். முழங்காலை இரண்டாக மடித்துப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான். அளவுக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், மெதுவாக மண்டியிட்டு டேப்பைப் பிடித்து அளந்தார். எழுந்தார். அண்ணன் வெளியே வந்தான். பிடி, தள்ளு, டக். இரண்டாம் எண் உள்ளே போனது.

நாலாவது தடவை வாசல் காவலாளி பேனாவைக் கீழே வைத்தார். "இது இப்ப வெளிய போன வண்டிதானே?"

"அது மூணு. இது நாலு" என்றேன்.

"டிரைவர் அவர்தானே?"

"டிரைவர் எத்தனை வண்டி வேணும்னாலும் ஓட்டலாமே."

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ஆறாவது தடவை அவரே குனிந்து பிடியைத் தூக்கினார். "சத்தம் வந்துச்சா?" என்று என்னிடம் கேட்டார். வந்தது என்றேன். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

உள்ளே அளவுக்காரர்தான் பாவம். ஐந்தாவது முறை மண்டியிட்டவர் எழுந்திருக்க அண்ணன் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஏழாவது முறை அவர் எழுந்திருக்க அவசரமே படவில்லை. தரையிலேயே உட்கார்ந்து எழுதினார்.

கடைசியில் அதிகாரி வந்தார். "ஏழுக்கும் சேசிஸ் நம்பர் ஒண்ணா இருக்கே."

"ஆமா சார்."

"அது எப்படிம்மா?"

"ரெண்டு மாடலுக்கு ஒரே சேசிஸ் நம்பர் இருக்கக் கூடாதுன்னு விதியில இல்ல சார்."

விதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்து புரட்டினார். அப்படி ஒரு விதி இல்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. "மேலே கேட்டுச் சொல்றேன்" என்றார்.

ஏப்ரல் 30

பதில் இல்லை.

மே 6, செவ்வாய்

பதில் இல்லை. நர்ஸ் போன் செய்தாள். பழைய வண்டி கிட்டத்தட்ட போய்ச் சேர்ந்துவிட்டதாம். மாசக் கடைசிக்குள் வரவில்லையென்றால் ஏதாவது ஒரு வண்டி எடுத்தாக வேண்டும் என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில். அவள் ஏன் கேட்க வேண்டும்?

மத்தியானம் பட்டறைக்குள் போனபோது வண்டி நாலாந்துளையில் நின்றது. ஆணியைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம். பக்கத்தில் வெல்டிங் முகமூடி. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் சொன்னது வேறு. "வெக்கணும்னா வெய்யி அண்ணா. உன் வேலையும் இதுலதான் போச்சு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து அண்ணியின் துணிக்கொடிக்குக் கீழே நின்றேன். வெல்டிங் சத்தத்துக்காகக் காது அங்கேயே இருந்தது.

கேட்டது வேறு சத்தம். டக். அப்புறம் இன்னொரு டக்.

உள்ளே போனேன். வண்டி ஆறில் நின்றது. சாக்பீஸ் வட்டத்தை எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழித்துக்கொண்டிருந்தான். "நாலுல உக்காந்து பார்த்தேன். கால் மரத்துப்போச்சு" என்றான்.

மே 19, திங்கள்

தடித்த உறை. உள்ளே ஏழு சான்றிதழ். ஏழும்.

மேலே ஒரு குறிப்பின் நகலும் இருந்தது. அளவுக்காரர் எழுதியது. மேலிடம் சந்தேகப்பட்டு மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறது. அதற்கு அவர் பதில்: ஏழு அளவுகளும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை, வாகனம் பாதுகாப்பானது, எட்டாவது முறை மண்டியிட என்னால் இயலாது, படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்திருந்தால் இந்தச் சிரமம் யாருக்கும் இல்லை.

என் பேச்சு கரைக்காததை அவர் முழங்கால் கரைத்துவிட்டது. போகட்டும். முழங்காலுக்கு நன்றி.

ஜூன் 3, செவ்வாய்

சாயங்காலம் ஏழு மணிக்கு நர்ஸ் வீட்டு வாசலில் போய் நின்றேன், பார்க்க வேண்டும் என்றே. பஸ் டிரைவர் பச்சோந்தியில் வந்து இறங்கினார். பிடியைத் தூக்கி ஆறிலிருந்து இரண்டுக்குத் தள்ளினார். டக். ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கிளம்பிவிட்டாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

பதினொரு பச்சோந்திகள் வெளியே ஓடுகின்றன. ஷோரூம்காரர் நேற்று வண்டி கேட்டு போன் செய்தார்; வெல்டிங் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்தது பின்னால் சரக்குப் பெட்டி வைத்த வண்டி, அதிலும் ஏழு துளை. அதற்கும் ஒப்புதல் வேண்டும். அண்ணனும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். காவலாளி எழுந்து நின்று, "இன்னைக்கு எத்தனை வண்டி?" என்றார்.

அதிகாரி புதுப் படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். மை வாசனைகூடப் போகவில்லை. சக்கர இடைவெளி: குறைந்தபட்சம் ஒரு கட்டம், அதிகபட்சம் ஒரு கட்டம். ஃபோர்க் சாய்வு: அதற்கும் இரண்டு. விரலால் தொட்டுப் பார்த்தேன். நாட்டில் இனி யார் மாறுகிற வண்டி செய்தாலும் இந்தக் கட்டங்களில் எழுதுவார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

மூன்றாவது வரிக்கு வந்தேன். சீட் உயரம். ஒரே ஒரு கட்டம்.

"சார், இது?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமிட்டியில அதுக்கு மட்டும் ஒத்துக்கலம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. இப்போதைக்கு ஒரு நம்பரா எழுதிட்டீங்கன்னா முடிஞ்சுது."

மூலை மேசையில் அளவுக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் அண்ணன் கையை நீட்டிவிட்டான்.

"அப்ப ஏழு படிவம் குடுங்க சார்."