மாமாவின் கால் தப்பிய கதை

என் கண்ணான மகளுக்கு,

இங்கே அம்மாவும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவின் இருமல் விட்டுவிட்டது, குறட்டைதான் விட்டபாடில்லை. உன்னைப் பழைய இயந்திரங்களைப் பிரிக்கும் பகுதியில் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், படித்ததும் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். அதனால் போன வாரம் எங்கள் காகித ஆலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வெட்டும் இயந்திரத்தைப் பிரிக்கும் வேலை எனக்கும் உன் மாமாவுக்கும் வந்தது. மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் பூட்டைப் போட்டு, சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். எல்லாம் சமர்த்தாகக் கழன்று வந்தது, லாரிச் சக்கரம் அளவு இருந்த பெரிய கியர் மட்டும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் கொக்கிகளால் பிடித்து இழுக்கும் புல்லரை மாட்டி முறுக்கினோம், கொக்கிகள் முனகியதே தவிர கியர் அசையவில்லை. மாமாவின் பொறுமைதான் உனக்குத் தெரியுமே, தள்ளுக்கா, ரெண்டு போடு போட்டா தானா வந்துடும் என்று சம்மட்டியைத் தூக்கிவிட்டான். முறுக்கேறி நிற்கும் புல்லரை அடித்தால் கொக்கி தெறித்து முகத்தில் பாயும். கீழே வைக்கிறியா, நான் வீட்டுக்குப் போகட்டுமா என்றேன். முறைத்துக்கொண்டே வைத்தான். புல்லரைத் தளர்த்திவிட்டு, கியரின் நடுவிலிருக்கும் ஹப்பில், அதைத் தண்டோடு பிடித்திருந்த ஸ்க்ரூவை முதலிலேயே கழற்றியிருந்த துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் இன்னொரு ஸ்க்ரூ! ஒன்றின் தலைமேல் ஒன்றாகப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நாங்கள் நாள் முழுக்க இழுத்திருந்தாலும் வந்திருக்காது.

அதை எடுத்ததுமே மாமா புல்லரிடம் பாய்ந்தான். முதலில் கியரைச் சங்கிலி போட்டு மேலிருந்து தாங்கு என்றேன். இது எங்க ஓடிடப் போகுது என்று முணுமுணுத்தாலும் மாட்டினான். கொஞ்சம் முறுக்கியதுதான், படீரென்று கழன்று சங்கிலியில் தொங்கி ஆடியது. நேர் கீழே மாமாவின் வலது கால், எப்போது கொண்டுபோய் அங்கே வைத்தானோ! பேயறைந்தது போலப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அக்கா, என் காலு என்கிட்டயே இருக்கு பாரு என்று சிரித்தான். திட்ட வாயெடுத்தவள், அவன் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் இழுக்கும்போது நேர் எதிரே நிற்காதே, ஓரமாக நில். வரவில்லை என்றால் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார். யாராவது பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் அத்தையிடம் மாமா சொன்ன கதையில் சங்கிலி போடச் சொன்னதே அவன்தானாம்! நானும் அப்பாவும் மூச்சு விடவில்லை. உனக்கும் போன் செய்து சொல்லுவான், நீ உம் கொட்டிக் கேட்டுக்கொள். நேற்று அடுத்த கியரைக் கழற்றப் போனோம், நான் வாயைத் திறக்கும் முன்னே சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான், எனக்கு அது போதும்.

தலைமுடியைத் தொப்பிக்குள் சொருக மறக்காதே. கைகால் சுகத்தோடு, மனம் நிறைந்து நீ பல்லாண்டு இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா