டை கட்டிய ஏழு மாதம்

எதிலும் அவசரப்பட்ட என் அப்பாவுக்கு,

நீ சாமியோடு சேர்ந்துவிட்டதாக அம்மா சொல்கிறாள். மேலே இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சித்தப்பா சொல்கிறார். சித்தப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நீ நம் ஆட்டுக் கொட்டகையின் கூரையில் இருக்கிறாய். பத்தடிக்கு எட்டடி. கொட்டகை மழைக்கு ஒழுகியதால், உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனரை அம்மா கொண்டுவந்து கீற்றுக்கு அடியில் கட்டிவிட்டாள். முகம் உள்பக்கம். இரண்டு ஆடுகளும் நானும் நிமிர்ந்தால் நீதான் தெரிகிறாய்.

வீட்டுக்குள் டிவி ஓடுவதால் நான் படிப்பது இங்கேதான். இந்தக் கடிதத்தையும் உனக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். டாக்டர் சீட்டு கிடைத்ததா என்றுதானே கேட்கப்போகிறாய்? சொல்கிறேன், பொறு. நீ அவசரப்பட்டதால் வந்த வினைதான் இவ்வளவும்.

இந்த வருஷம் இரண்டாவது தடவையாக எழுதி நீட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தேன். சென்னையில் இரண்டு வருஷம் கோச்சிங் போன பிள்ளைகள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று ஏழரை சதவீதம் தனியாக ஒதுக்குகிறார்களே, அந்தப் பட்டியலில் எனக்கு முதல் சுற்றிலேயே எம்.பி.பி.எஸ். நிச்சயம் என்று எங்கள் ஹெச்.எம். டீச்சரே சொன்னார். அம்மா மட்டும்தான் பயந்தாள்.

"ஏழரன்னு பேரு வச்சா அது எப்படிடி வெளங்கும்?"

விளங்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம். ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே பள்ளியின் பெயரை எழுதி ஹெச்.எம். கையெழுத்துப் போட வேண்டும். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஆறாம் வகுப்பு, ஜூனிலிருந்து டிசம்பர் வரை? ஞாபகம் இருக்கிறதா அப்பா?

செராமிக் கம்பெனியில் கல்லை மாவாக அரைக்கிற மெஷின் பக்கத்தில் உனக்கு வேலை. ஒரு நாள் முதலாளியின் மகள் காரிலிருந்து இறங்கி அவரை "டாடி" என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டாய். அந்த வாரமே நம் தெருமுனை அரசுப் பள்ளியை விட்டுவிட்டு, என்னை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தாய். பாடம் நடத்துகிறார்களா என்று நீ கேட்கவே இல்லை. டை உண்டா என்று மட்டும்தான் கேட்டாய். அந்த ஏழு மாதமும் நான் உன்னை ஒரு தடவைகூட டாடி என்று கூப்பிடவில்லை. வாயில் வரவில்லை, என்ன செய்ய? வெள்ளை மாவு அப்பிய முகத்தைப் பார்த்து எப்படிக் கூப்பிடுவது?

முதல் நாள் பள்ளிப் பலகைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்களே, அதில் நீ கேமராவையே பார்க்கவில்லை. குனிந்து என் டையைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறாய். நீ சிரித்த ஒரே போட்டோ அதுதான். ஆதார் கார்டில் நீ தேடப்படும் குற்றவாளி.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். நீ வேலையிலிருந்து நேராக வந்தாய். வராண்டா முழுக்க உன் வெள்ளைக் கால் தடம். பள்ளிக்கூடத்துக்காரர் தடத்தையும் பார்த்தார், உன்னையும் பார்த்தார். "நீங்க அடுத்த வாட்டி பின் கேட்டு வழியா வந்துடுங்க" என்றார். நீ வாசல் வரை போய், திரும்பி நடந்து வந்து, இன்னொரு வரிசைத் தடம் நன்றாகப் பதித்துவிட்டு, டி.சி. கேட்டாய். ஜனவரியில் நான் அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டேன். அன்று உன்மேல் எனக்கு அவ்வளவு பெருமை. அதே டி.சி. இப்போது என் காலை வாரிவிட்டது.

விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அது நம்மைப் போன்றவர்களுக்காகப் போட்ட விதி. ஏழு மாதம் டை கட்டிய கழுத்துக்கும், ஏழு வருஷம் ஏசி பஸ்ஸில் போன கழுத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.

சித்தப்பா வந்து கூட்டம் போட்டார்.

"அண்ணி, ஆறாங்கிளாஸுல அரை வருஷம் மஞ்சக்காமாலயில படுத்துக் கெடந்தான்னு சொல்லிடுவோம். எனக்குத் தெரிஞ்ச டாக்டரு ஒருத்தரு இருக்காரு. சர்ட்டிபிகேட்டு குடுத்துடுவாரு."

"டாக்டர் ஆவறதுக்கு டாக்டருகிட்டயே பொய் சர்ட்டிபிகேட்டா சித்தப்பா?"

"நீ வாய மூடு. பெரியவங்க பேசறோம் இல்ல?"

அம்மாவுக்கு வேறு கவலை. "மஞ்சக்காமாலன்னு வாயால சொன்னா பலிச்சிடும். அம்ம போட்டிருந்துச்சின்னு சொல்லுங்க."

"ஏழு மாசத்துக்கா அண்ணி அம்ம போடும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே, பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். ஏனென்று உனக்கே தெரியும். இரண்டு வருஷம் இருமினாய். எத்தனை டாக்டரைப் பார்த்தோம்? ஒருவர் டானிக் எழுதினார், ஒருவர் டி.பி. மாத்திரை எழுதினார், ஒருவர் பீடியை விடச் சொன்னார். நீ பீடியே குடித்ததில்லை. "எங்க வேல செய்யறீங்க?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டார். அதற்குள் உன் நுரையீரலில் அந்த மெஷினில் அரைத்ததில் பாதி இருந்தது. அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்கிற டாக்டராக வேண்டும் என்றுதான் இவ்வளவு கூத்தும்.

அதே வாரம் உன் நினைவு நாள். பேனர் என் பொறுப்பு என்று சித்தப்பா மார்தட்டினார். மறுநாள் பாலக்கரை பஸ் நிறுத்தத்தில் போய்ப் பார்த்தேன். அந்த டை போட்டோ. பின்னால் இங்கிலீஷ் பள்ளியின் பலகை, எழுத்து எழுத்தாக. என் காலடியில் 'வருங்கால டாக்டர்' என்று சிவப்பில். மூலையில் சித்தப்பா, கும்பிட்ட கையோடு, உன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"என்னா சித்தப்பா இது?"

"அண்ணன் சிரிக்கிற போட்டோ வேற ஏது?"

"ஹெச்.எம். டீச்சர் தெனமும் வேப்பூர் பஸ்ஸுல வந்து இங்கதான் எறங்குவாங்க. மறைக்க வேண்டியத பத்தடிக்கு அடிச்சி வச்சிருக்கீங்களே!"

பேனரை இறக்கினால் மரியாதை போய்விடுமாம். எங்கிருந்தோ ஏணியும் பசையும் வெள்ளைக் காகிதமும் கொண்டுவந்தார். பலகைமேல் ஒரு தாள் ஒட்டினார். என் டைமேல் ஒரு தாள் ஒட்டினார். இறங்கி வந்து, தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டார்.

ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னா மாமா, பாப்பாவுக்குக் கழுத்துல அடியா?"

சித்தப்பா பழகிய பொய்யை எடுத்து விட்டார். "மஞ்சக்காமால."

"அதுக்குக் கழுத்துலயா கட்டு போட்டாங்க?"

ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கவனித்தேன். டையை மறைத்த தாள் உன் கையையும் சேர்த்து மறைத்திருந்தது. மணிக்கட்டுக்கு மேல் உனக்கு ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்து நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

எப்படி ஏணியில் ஏறினேன் என்று தெரியவில்லை.

"எறங்குடி! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும் சித்தப்பா. அதுக்குத்தான பேனரு வச்சீங்க."

பசை காயவில்லை. முதலில் டை வந்தது. பிறகு உன் விரல்கள், ஒவ்வொன்றாக. கிழித்த தாளைக் கீழே போட்டேன். அது நேராகச் சித்தப்பாவின் தலையில் போய் ஒட்டிக்கொண்டது. அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. நம்பு.

ஏணியிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்குப் போய் ஹெச்.எம். டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"தெரியும். ஜனவரி அட்மிஷன்னு ரிஜிஸ்டர்ல இருக்குது. நேத்தே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் மிஸ் நீங்க சொல்லல?"

"மறைச்சி எழுதித் தரச் சொல்லி நீ வந்து கேப்பியோன்னு பயந்துட்டு இருந்தேன். கேட்டிருந்தா என்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது."

ஆறாம் வகுப்புக்கு எதிரே இரண்டு பள்ளியின் பெயரையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூட மட்டும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதோடு நான் எல்லோருக்குமான பெரிய பட்டியலுக்குப் போனேன். சுற்றுச் சுற்றாகக் கலந்தாய்வு நடக்கும். முன்னால் இருப்பவர் வேறு இடம் கிடைத்துப் போனால் நாம் ஓர் அடி நகரலாம். இரண்டாம் சுற்று முடிந்தபோது நம் சாதிப் பிரிவுக்கான வரிசையில் எனக்கு முன்னால் பத்தொன்பது பேர். அம்மா என்னை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அநியாயம் நடந்தால் அங்கே சாமிக்குப் பிராது எழுதிக் கட்டுவார்களே, அதற்கு. எழுதுகிறவர் பேனாவை எடுத்தார்.

"யாரு மேலம்மா பிராது?"

"எம்பொண்ணுக்கு முன்னால பத்தொம்போது பேரு நிக்கறாங்க. அவங்க மேல."

"என்னா தப்பு பண்ணாங்க?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நல்லா படிச்சிட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கெல்லாம் சாமி நடவடிக்க எடுக்க மாட்டாரும்மா."

அம்மா சன்னதிக்குப் போய் வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். "பத்தொம்போது பேரும் நல்லா இருக்கட்டும் சாமி. வேற எங்கனா நல்லா இருக்கட்டும்."

சாமி பாதி கேட்டது. பத்தொன்பது எட்டானது. எட்டு மூன்றானது. அங்கேயே இடங்கள் தீர்ந்து கலந்தாய்வை முடித்துவிட்டார்கள். மூன்று பேர், அப்பா. வரிசையில் எனக்கு முன்னால் வெறும் மூன்று பேர்.

அந்த மூன்று பேர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் கிடைக்கவில்லை. எங்காவது ஒரு கொட்டகையில் உட்கார்ந்து மறுபடியும் படித்துக்கொண்டிருப்பார்கள். வரிசைக்கே வராமல் உள்ளே போனவர்கள்மேல்தான் கோபம். உன் முதலாளியின் மகள் இப்போது எம்.பி.பி.எஸ். முதல் வருஷம், நிர்வாக ஒதுக்கீட்டில். அவள் மதிப்பெண் என்னுடையதைவிடக் குறைவு. அவளுக்கு டாடி இருக்கிறார். பிராது எழுதுவதென்றால் இதற்குத்தான் எழுதியிருக்க வேண்டும். பெயர், ஊர் எல்லாம் நமக்குத் தெரியுமே.

இப்போது நான் எங்கே வேலை பார்க்கிறேன் சொல்? அந்த இங்கிலீஷ் பள்ளியில்தான். பள்ளி மூடி மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் இன்று டைல்ஸ் கடை. செராமிக் ஊர்க்காரர்களுக்கு வடக்கேயிருந்து லாரியில் வரும் டைல்ஸை மத்தியானம் வரை விற்கிறேன். என் ஆறாம் வகுப்பு இப்போது வாஷ்பேசின் பிரிவு. என் பெஞ்சு இருந்த இடத்தில் ஒரு ரோஸ் கலர் பேசின்.

போன வாரம் ஒருவர் வந்தார். காலெல்லாம் வெள்ளை. செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, தரையின் பளபளப்பைப் பார்த்துத் தயங்கி நின்றார். மேனேஜர் குரல் கொடுத்தார். "அண்ணே, அந்தப் பக்கமா சுத்தி வாங்களேன்."

"இப்படியே வாங்கண்ணே" என்றேன் நான். "செருப்பு போட்டுக்கிட்டே வாங்க."

வந்தார். பேசினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் இருமினார். எனக்கு அந்த இருமல் தெரியும்.

"எங்க வேல செய்யறீங்கண்ணே? கல்லு அரைக்கிற மாவு மில்லுலயா? எவ்ளோ நாளா இந்த இருமல்?"

அவர் மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தார். "பாப்பா, நான் பேசின் வாங்கத்தான் வந்தேன்."

"பேசின் எங்கயும் ஓடாது. மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுங்க. மாவு மில்லுல வேலன்னு நீங்களே சொல்லிடுங்க. அவங்க கேக்க மாட்டாங்க."

"வியாபாரத்தப் பாரு டாக்டரு" என்று மேனேஜர் கத்தினார். என்னை டாக்டர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அந்த அண்ணன் பேசின் வாங்கவில்லை. பில்லின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொடுத்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே போனார். தடத்தைத் துடைக்கச் சொன்னார்கள். கிளம்பும்போது துடைக்கிறேன் என்றேன்.

மே மாதம் மூன்றாவது தடவை எழுதப்போகிறேன். அதே பெரிய பட்டியல்தான், ஏழரை எனக்கு இனி எப்போதும் கிடையாது. உன்னைத் திட்டுவதை நிறுத்துவேன் என்று எதிர்பார்க்காதே. திட்டிக்கொண்டேதான் படிக்கிறேன், அது ஒரு தெம்பு. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளைக் கோட்டு வாங்கியதும் முதலில் இந்தக் கொட்டகைக்குத்தான் வருவேன். நிமிர்ந்து பார்த்து, ஒரே ஒரு தடவை, "டாடி" என்று கூப்பிடுவேன். சித்தப்பா பக்கத்தில் இல்லாதபோது. ஆடுகள் கேட்டால் பரவாயில்லை.

ஏழு மாதம் தனியாரும் மற்றபடி முழுக்க அரசாங்கமுமான
உன் மகள்
வளர்மதி