கறுப்புப் பாவாடையில் ஒரு பறவை

ஜனவரி 14

மழை. கார்னிவல் திருவிழா ஆட்டத்துக்கான பாவாடையில் பறவையைத் தைத்து முடித்தேன். கறுப்புக் கம்பளித் துணி, அதில் வெள்ளைக் கழுத்தோடு ஏரிப் பறவை ஒன்று. மற்ற இடமெல்லாம் சும்மா. அப்படியேதான் விடப்போகிறேன்.

நியேவெஸ் அண்ணி எட்டிப் பார்த்தாள். “நூல் தீந்து போச்சா?”

“இல்ல அண்ணி. இவ்வளவுதான்.”

“துணைக்கு ஆளில்லாம நிக்குதே. உன்ன மாதிரி.”

ஜனவரி 17

பக்கத்து வீட்டு யூஃப்ராசியாவின் வயலில் உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கிறார்கள். ஐனி முறை: இன்று அவள் வயலில் நாங்கள், நாளை எங்கள் வயலில் அவள். அம்மாவைக் கூப்பிட்டார்கள். அண்ணியைக் கூப்பிட்டார்கள். என்னை இல்லை.

நான் பூனோ நகரத்தில் தங்கிப் படித்து வந்தவள். போகிற வீட்டிலெல்லாம் நாற்காலி போடுகிறார்கள். மற்றவர்கள் தரையில்.

ஜனவரி 18

நானாகவே போய் நின்றிருக்கலாம். போகவில்லை. கூப்பிட்டால்தானே?

ஜனவரி 23

வெயில். பாவாடையை வெளிச்சுவரில் விரித்துவிட்டு ஆடுகளோடு மேட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் — பறவைக்குப் பக்கத்தில் ஒரு மீன். மீனுக்கு மேல் ஊதாவில் கிழங்குப் பூக்கள். ஓரத்தில் ஒரு லாரி. சுவரடியில் உட்கார்ந்து யூஃப்ராசியா அதற்குச் சக்கரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

“என் பாவாடையில என்ன பண்றீங்க?”

“நீதானடி கூப்பிட்ட.”

“நானா?”

“வெறும் துணிய வெளிச்சுவத்துல போட்டா என்ன அர்த்தம்? கை குடுக்க வாங்கன்னுதானே. இவ்ளோ பெரிய வெறுந்துணிய இந்த ஊர்ல யாரும் போட்டதில்ல. பாவம், பொண்ணுக்கு ஊசியே பிடிக்க வராது போலன்னு பேசிக்கிட்டோம்.”

“அது வெறுந்துணி இல்ல. அந்த வெறுமைதான்... அழகு.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எது?”

மற்ற பெண்கள் முதல் பாவாடை தைத்த வயதில் நான் விடுதியில் இருந்தேன். சுவரில் துணி போட்டால் அழைப்பு என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 24

பிரிக்க உட்கார்ந்தேன். மீன் என்னையே பார்த்தது. லாரியின் பின்பக்கத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண், மடியில் புத்தகம். நான். ஊர் திரும்பிய அன்று அப்படித்தான் வந்தேன். யூஃப்ராசியா பார்த்திருக்கிறாள்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

“லாரி நல்லா வந்திருக்கு, உன் மூக்குதான் பெருசு,” என்றாள் அண்ணி. “தச்சவங்களுக்கு நீ திருப்பித் தைக்கணும். கூப்பிடுவாங்க.”

கூப்பிடுவார்களா?

பிப்ரவரி 9

கூப்பிடவில்லை.

பிப்ரவரி 20

கார்னிவலில் ஆடினேன். சுற்றினால் லாரி ஓடுகிறது. கால் இரண்டும் என்னுடையவை மாதிரி இல்லை.

பிப்ரவரி 27

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகையில் யூஃப்ராசியாவின் சுவரில் ஒரு துணி கிடந்தது. அதைச் சுற்றிப் பெண்கள்.

“எங்கடி நழுவுற? ஆடு தானா மேயும். வா.”

நாற்காலி இல்லை. அண்ணி நகர்ந்து இடம் விட்டாள், தரையில்.

துணி நிறையப் பூ, மீன், மலை. ஊசி நுழைய இடமில்லை.

“எங்க தைக்கிறது?”

“கண்ணு தெரியலயா?” யூஃப்ராசியா விரல் வைத்துக் காட்டினாள். நடுவில் கொஞ்சம் கறுப்பு. “உன் பறவைக்குன்னு விட்டு வச்சிருக்கேன். அது ஒண்ணுதானே உனக்கு வரும்.”

ஒரு பறவைக்கான இடம். இரண்டு தைத்தேன். கொஞ்சம் நெருக்கம்தான்.