டாக்டர் சொன்னது

மே 6, செவ்வாய்

மழை. பிரிக்பீல்ட்ஸில் அகதிகளுக்கு நான் எடுக்கும் ஆங்கில வகுப்புக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். சுகிர்தா மட்டும் கிள்ளானிலிருந்து ரயிலேறி நனைந்துகொண்டே வந்துவிட்டாள். கனடாவுக்குப் போக அவளுக்கு அனுமதி வந்திருக்கிறது. முல்லைத்தீவை விட்டுக் கிளம்பி ஒன்பது வருஷம் காத்திருந்தவள், சொல்லும்போது சிரிக்கவில்லை.

அண்ணன் தயாபரனுக்கு அழைப்பு இல்லை. அவர் அவளுக்கு முன்பே தனியாக வந்தவர், கோப்பு வேறு. அகதி அட்டை இருவரிடமும் இருக்கிறது, கதவு ஒருத்திக்குத்தான் திறந்தது.

"அண்ணாவை விட்டிட்டு எப்பிடியக்கா போறது?"

பஸ்ஸில் வழி கேட்பது எப்படி என்று ஆங்கிலப் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். கோழை.

மே 19, திங்கள்

தயாபரனுக்குக் கண் மஞ்சளாகி, பத்து நாளாக வயிற்று வலி. வியாழக்கிழமை ஸ்கேன் முடிவு சொல்வார்களாம். எங்கள் மையத்தை நடத்தும் டீனா, "ஆன்டி, மொழிபெயர்க்க நீங்களே போறீங்களா?" என்றாள். வழக்கம்போலக் கடைசியில் ஒரு வரி: "கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம், ஓகேலா?"

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சை இணைத்துவிட்டவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

மே 22, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சுகிர்தா பதிவு செய்யக் கவுன்டருக்குப் போயிருந்த நேரம், தயாபரன் என் பக்கம் சாய்ந்தார். "அக்கா, இது நல்ல வருத்தமில்லை, எனக்குத் தெரியுது. டொக்டர் என்ன சொன்னாலும் அவளுக்குச் சின்னனாச் சொல்லுங்கோ. தெரிஞ்சா அவள் பிளேன் ஏறமாட்டாள். பிறகு ஒருத்தரும் அவளைக் கூப்பிடமாட்டினம்."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

சின்ன வயசு டாக்டர், பொறுமையானவர். கணையத்தில் புற்று, கல்லீரல் வரை பரவிவிட்டது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மாதம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் — எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தயாபரன் அவள் பக்கத்திலேயே இருந்தார். சுகிர்தா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லீரல்ல கொஞ்சம் வீக்கமாம்மா. மருந்து குடுக்குறாங்க. நாளாகும்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். புரிந்தது என்றேன். கேள்வி ஏதாவது?

"அண்ணா சோறு சாப்பிடலாமோ?" என்று கேட்டாள் சுகிர்தா.

அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

மே 23

டீனாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

விமான நிலையம். தயாபரன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. சுகிர்தா அவருடைய கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டு, "குளிர் பிடிக்காமப் பாருங்கோ" என்றாள். "குளிருக்குப் போறது நீயடி" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். யாரும் அழவில்லை. செய்தது சரிதான் என்று அந்த நிமிஷம் நம்பினேன்.

அவள் உள்ளே போய் மறைந்ததும் அவரால் நிற்க முடியவில்லை. சக்கர நாற்காலி கேட்டு ஓடினேன்.

ஜூலை 2, புதன்

தயாபரன் போய்விட்டார். காலை பத்தரைக்கு. கிள்ளானில் அவரோடு அறையில் இருந்த இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கு ரயில் பிந்திவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

தகனம். அறைத்தோழர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார், அதில் சுகிர்தா. கடைசிவரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரைக்குள் வந்தபோது போனை வேறு பக்கம் திருப்பச் சொன்னாள்.

ஜூலை 9, புதன்

இன்று அவளே அழைத்தாள். சாப்பிட்டியாம்மா என்று கேட்டேன்.

"டொக்டர் வீக்ஸ் எண்டு சொன்னவர். எனக்கு விளங்கினது அக்கா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உங்கட வாயால சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் வீக்கம் எண்டியள். அண்ணா நான் போகவேணும் எண்டுதான் மறைக்கிறார் எண்டு தெரிஞ்சுது. அவர் ஆசைப்படி போவம் எண்டு நானும் தெரியாத மாதிரி இருந்திட்டன். மூண்டு பேரும் நடிச்சனாங்கள்."

"அண்ணன்தான்மா கேட்டுக்கிட்டாரு —"

"அவர் கேப்பார். நீங்கள் சொல்லியிருக்க வேணும். சொல்லியிருந்தாலும் நான் பிளேன் ஏறியிருப்பன், அவர் ஏத்தியிருப்பார். ஆனா அந்த மூண்டு கிழமையும் நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சிருப்பம். அம்மாவைப் பற்றி, எல்லாத்தையும். நாங்கள் சூட்கேஸைப் பற்றித்தான் அக்கா கதைச்சம்."

வைத்துவிட்டாள்.

நான் யாரு அதை முடிவு பண்ண? யாரு? அவ கேள்வி கேக்கவே விடாம, அவ வாயையும் சேத்து அடைச்சிட்டேனே. கர்த்தாவே.

ஜூலை 10

டீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்தாள். "கொஞ்ச நாளைக்கு வகுப்பு மட்டும் பாருங்க ஆன்டி."

ஜூலை 27, ஞாயிறு

சுகிர்தாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் போனில் எழுதினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வேறு ஆள் கிடைக்காமல் டீனா இன்று என்னை அனுப்பினாள். நோயாளி வவுனியாக்காரர், சிறுநீரகம். அறைக்கு வெளியே அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, பெரிசா ஏதும் எண்டா அவருக்குச் சொல்லாதேங்கோ."

"டாக்டர் சொல்றத அப்படியே சொல்வேன்மா. இல்லன்னா இப்பவே வேற ஆள் கேட்டுக்கலாம்."

அவர் என் கையை விட்டார். பிறகு கதவைத் தள்ளினார்.

டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன், ஒன்றையும் விடாமல். நோயாளி இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம் சொன்னேன். டாக்டர் எழுந்து போன பிறகு அவர் தன் மனைவியிடம் திரும்பி, "அப்ப நீ தனிச்சு என்னடி செய்வாய்?" என்றார். மனைவி அழுதுகொண்டே பதில் சொல்லத் தொடங்கினார்.

அங்கே மொழிபெயர்க்க எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகுநேரம் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.