சோப்புப் பெட்டி அளவில் ஒரு வாசல்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் குட்டியும் நலமா? நீங்கள் இரண்டாவது முறை ஊர் மாறிய பிறகு இதைக் கேட்க எனக்கு வழியே இல்லாமல் இருந்தது.

உன் வக்கீலம்மா உன் புது மின்னஞ்சல் முகவரியைத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்து ஐந்து வாரம் ஆகிறது. "வீட்டு லைன்லேர்ந்து மட்டும் எழுதிடாதீங்க" என்றார். எங்கள் வீட்டு இணைய இணைப்பைப் போட்டுக் கொடுத்தவன் உன் கணவன்தானே. கடவுச்சொல்லும் அவன் வைத்ததுதான். இணைப்பையே மாற்றிவிடலாம் என்றார் உன் அத்தான். மாற்றினால், அவன் அதில் வேவு பார்க்கிறானோ என்று நாம் சந்தேகப்படுவது அவனுக்குத் தெரிந்துவிடும். நூலகத்திலிருந்து எழுதலாமென்றால், எந்தக் கணினியில் யார் உட்கார்ந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதே அங்கே என் வேலை.

அதனால் நானே ஒரு பெட்டி செய்தேன். சிரிக்காதே. சோப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினி. ஒரு கம்பி வீட்டு இணைப்புக்கு, மறு கம்பி என் பழைய மடிக்கணினிக்கு. மடிக்கணினிக்குத் தெரிந்த ஒரே வாசல் இந்தப் பெட்டிதான். பெட்டி நின்றுபோனால் எதுவும் வெளியே போகாது. பழைய வழியில் நழுவ இடமில்லை.

பெட்டியிலிருந்து கிளம்புவது எங்கெங்கோ இருக்கும் மூன்று கணினிகள் வழியாகப் போகிறது. முதலாவதற்கு நான் யாரென்று தெரியும், எங்கே போகிறேன் என்று தெரியாது. கடைசியானதற்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. அந்த நடுக் கணினியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்படி ஓர் அக்கா உனக்கு வாய்த்திருக்கலாம்.

மூன்று தடவை சொதப்பி, நான்காவது தடவை சோதித்தபோது, நான் போயே இராத ஒரு நாட்டில் இருப்பதாகத் திரை சொன்னது. கைதட்டிவிட்டேன். அதே சந்தோஷத்தில், கை பழக்கத்தில், என் வழக்கமான மின்னஞ்சலைத் திறந்து பெயரை அடித்துக்கொண்டிருந்தேன்! முகமூடி போட்டுக்கொண்டு சொந்தப் பெயரைக் கூவுவது போல. கம்பியைப் பிடுங்கிவிட்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெட்டி வழியை மறைக்கும்; என் கையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு இணைப்பில் உள்ள கருவிகளின் பட்டியலில் பெட்டிக்கு 'டிவி' என்று பெயர் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். காப்பியைக் கையில் வாங்கியபடியே, "என்னக்கா, வீட்டுக்குப் புது டிவி வந்திருக்கு போல?" என்றான். கூடத்தில் பழைய டிவிதான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான்தான், "உள்ரூம்ல மாட்டியிருக்கேன்பா. இவ சீரியலும் என் மேட்சும் ஒரே டிவில ஒத்துப்போகல" என்றார். அவன் சிரித்தான். முப்பது வருடத்தில் உன் அத்தான் சொன்ன முதல் உருப்படியான பொய் அது.

அதுவரை சந்தேகம்தான், இப்போது நிச்சயம்: எங்கள் இணைப்பில் என்ன ஓடுகிறது என்று அவன் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறான். முன்பு நீ குட்டியின் பள்ளிப் பெயரைச் சொன்னபோது, மறுநாளே இதே வீட்டில் அதைத் தேடிப் பார்த்தேன். மைதானம் இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இரண்டு வாரத்தில் அவன் அந்தப் பள்ளி வாசலில் நின்றான். யார் சொன்னார்கள் என்று நீ கேட்டாய். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். வாய் திறக்கவில்லை என்பது உண்மைதான்.

இனி எனக்கு ஊர் சொல்லாதே. பள்ளி சொல்லாதே. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்றுகூட எழுதாதே. என்னை எனக்குத் தெரியும், தேடிப் பார்த்துவிடுவேன். குட்டிக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா என்று மட்டும் சொல். ஒரு சொல் போதும்.

நான் அறியாத இடத்தில் நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

உன்
அக்கா