ஒரே பெஞ்சில் முடிந்த ஆய்வுகள்

அனுப்புநர்
பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
கல்வியியல் துறை.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், முதல் மாடி.

பொருள்: 'தொலைதூரக் கல்வி பற்றிய மாணவர் ஆய்வுகளின் போக்குகள்' என்ற என் ஆய்வேட்டை வாங்க மறுப்பது – பதிவுக்காலம் முடியும் முன் ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுக்கள். பதில் எதுவும் என் பார்வைக்கு வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வார நாட்களில் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியை. சனிக்கிழமைகளில் மட்டும் தங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர். அன்று என் பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். "மத்தவங்க எழுதி முடிச்சதைப் படிக்கிறதுக்கு உனக்கு ஏம்மா இத்தனை வருஷம்?" என்று அவர் வாரந்தோறும் கேட்கிறார். தலைப்பு நானாகத் தேடிக்கொண்டதல்ல. நம் துறை மாணவர்கள் தொலைதூரக் கல்வியைப் பற்றி இதுவரை எழுதிய ஆய்வேடுகள் அனைத்தையும் படித்து, அவை எந்தத் திசையில் போகின்றன என்று சொல்லும்படி நெறியாளர் அவர்கள் பணித்தார். படித்தேன். சொன்னேன். அன்று பிடித்தது சனி.

2. போக்கு என்று பார்த்தால், முதலில் எல்லோரும் அஞ்சல்வழிப் பாடங்களை ஆராய்ந்தார்கள். பிறகு வானொலி, பிறகு படிப்பை இடையில் நிறுத்துவோர், பிறகு கணினி, இப்போது கைப்பேசி. தலைப்புகள் மாறினவே தவிர வினாப்படிவம் மாறவில்லை. அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள். 'வானொலி' என்றிருந்த இடங்களில் 'கைப்பேசி' என்று மாற்றியவர்கள், அடுத்து வரும் கேள்வியைப் படித்துப் பார்க்கவில்லை. ஆகவே, கைப்பேசி ஒலிபரப்பு தெளிவாகக் கேட்பது காலையிலா மாலையிலா என்று மாணவர்களிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலோர் 'மாலை' என்று பதிலளித்துள்ளனர்.

3. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் தொலைதூர மாணவர்கள் மலையடிவாரத்திலும் துறைமுகத்திலும் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் போனதோ பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டிய கல்வி மையத்துக்கு மட்டும். பேருந்து ஏற வேண்டாம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. அந்த மையமும் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கும். அதனால் எதிரேயுள்ள சலூனுக்குப் போவார்கள். அந்தச் சலூன்காரர் நம் தொலைதூரக் கல்வியில் இறுதியாண்டு மாணவர். நிலுவைத் தாள்களோடு இருக்கும் அவருடைய நண்பர்களும் அங்கேதான் கூடுவார்கள். முடிவெட்டக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் சுழலும் மின்விசிறியின் காற்றில் பறக்கும் படிவங்களைச் சீப்பால் அழுத்திக்கொண்டு, எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதைச் சரிபார்க்க நான் போய் நின்றபோது அந்த அண்ணன் கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலேயே, "வாங்க மேடம், போன தடவை எழுதினதையே எழுதிடவா, இல்ல உங்களுக்குப் புதுசா ஏதாவது வேணுமா?" என்றார்.

4. இதன் விளைவைத் தாங்கள் கையில் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். தொலைதூர மாணவர்களின் சராசரி வயது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதாக அடுத்தடுத்து வந்த ஆய்வேடுகள் கண்டுபிடித்தன. ஏறாமல் என்ன செய்யும்? பதில் சொன்னவர்கள் அதே ஆட்கள். அவர்களுக்கு வயதாகிறது. இதை நம்பிப் பல்கலைக்கழகம் பாடநூல்களையெல்லாம் முதியோர் வசதிக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்டது. புத்தகம் செங்கல் கனம் ஆகிவிட்டது. பள்ளியை இப்போதுதான் முடித்து நம்மிடம் சேர்ந்த பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

5. மேற்கண்டவற்றை நான் எழுதிக் கொடுத்தபோது நெறியாளர் அவர்கள் ஆய்வுக்குழுவைக் கூட்டினார். பெஞ்சில் பிறந்த முதல் ஆய்வேடு அவருடையது. ஆய்வுக்குழுவில் மற்ற இருவரும் அதே பெஞ்சில் பட்டம் பெற்றவர்கள். அவர்கள் நல்லவர்கள், எனக்குத் தேநீர் வரவழைத்தார்கள். "உங்க ஆய்வுல களத்தரவே இல்லையேம்மா, அதைச் சேர்த்துட்டு வாங்க" என்று கனிவாகவே சொன்னார்கள். எங்கிருந்து சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பின்வாசல் மையத்திலிருந்து என்றார்கள்! முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட வசதியாக இருக்குமாம். ஐயா, எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த அறையிலிருந்து எழுந்து வந்ததே என் பொறுமைக்குச் சான்று. இம்மாத இறுதியில் என் பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டை வாங்காவிட்டால் என் சனிக்கிழமைகள் அத்தனையும் வீண்.

6. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை என் ஆய்வேட்டில் எந்த இயலில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். நிரப்பப்பட்ட பழைய படிவங்கள் துறை நூலகத்தின் பின்னறையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு படிவத்தின் கடைசியிலும் 'மற்றவை' என்றொரு பகுதி உண்டு. எழுத்தில் வரும் பதிலை எண்ணிச் சதவீதம் போட முடியாது என்பதால் எந்த ஆய்வேடும் அதைத் தொடவில்லை. சலூன்கார அண்ணன் அந்தப் பகுதியில் எல்லாப் படிவங்களிலும், வானொலிக் காலம் தொட்டு, ஒரே செய்தியை எழுதியிருக்கிறார்: 'என் ஐந்தாம் தாளின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து தெரிவிக்கவும்.'

7. நேரில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கலாமே என்று அவரிடம் கடிந்துகொண்டேன். முன்பே போயிருக்கிறார். எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதன்பின் பல்கலைக்கழக முத்திரையோடு யார் வந்தாலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "இத்தனை படிச்சவங்க வந்து கேட்டு எழுதி வாங்கிட்டுப் போறாங்க, மேல சொல்லாமலா இருப்பாங்க மேடம்?" என்றார். அவரை இறுதியாண்டு மாணவராகவே வைத்திருப்பது அந்த ஒரு தாள். அவர் இறுதியாண்டிலேயே இருப்பதால்தான் ஆய்வுக்கு எப்போதும் கிடைக்கிறார். நம் துறையில் முனைவர் ஆனவர்கள் எல்லோரும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனவர்கள். அவர் மட்டும் இன்னும் பட்டதாரி ஆகவில்லை.

8. ஆகவே, என் ஆய்வேட்டை இப்போதுள்ளபடியே மதிப்பீட்டுக்கு ஏற்குமாறும், அந்தப் பெஞ்சைத் தெரியாத வெளித்தேர்வாளர் ஒருவரை நியமிக்குமாறும் வேண்டுகிறேன். ஒரு மனுவில் ஒரு வேலைதான் ஆகும் என்று தங்கள் அலுவலக விதி ஏதும் இருக்குமானால், என்னுடையது காத்திருக்கட்டும். முதலில் அந்த ஐந்தாம் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தேர்ச்சி பெறவில்லை என்றாலும் பரவாயில்லை. அதையாவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த மனுவுக்காவது ஒரு பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
பகுதிநேர ஆய்வாளர்

நாள்: மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை
இடம்: துறை நூலகப் பின்னறை

இணைப்பு: வினாப்படிவங்கள், மூட்டை ஒன்று. 'மற்றவை' பகுதியை மட்டும் படித்தால் போதும்.